பல அறைகளும் ஒரே அரங்கும்

அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பயிற்சிக் கூட்டங்களில் இரண்டை இங்கே பார்க்கலாம். ஒன்று, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் காலேஜ் ஸ்டேஷன் நகரில் நடத்தும் ‘பீஃப் கேட்டில் ஷார்ட் கோர்ஸ்’. 2024இல் நடந்தது 70ஆவது கூட்டம். மற்றது, கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா ஆகிய நான்கு மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் 1969 முதல் சேர்ந்து நடத்திவரும் ‘ரேஞ்ச் பீஃப் கவ் சிம்போசியம்’. இது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, முறை வைத்து, ஒவ்வொரு மாநிலமாக மாறிப் போகும். மேடையில் பேராசிரியர்கள், எதிரே மாட்டுக்காரர்கள், வெளியே தீவனமும் தடுப்பூசியும் விற்பவர்கள். ஒற்றுமை ஏறக்குறைய அவ்வளவுதான்.

டெக்சாஸ் கூட்டத்துக்கு 2,000 பேருக்கு மேல் வருகிறார்கள். ‘கேட்டில்மேன்ஸ் காலேஜ்’ என்ற பெயரில் ஒரே நேரத்தில் பல அறைகளில் வகுப்புகள் நடக்கும். ஒன்றில் மேய்ச்சல் நிலம், இன்னொன்றில் சினைப் பராமரிப்பு, வேறொன்றில் புதிதாக மாடு வாங்குபவர்களுக்கான அரிச்சுவடி. வேலி போடுவது, மாட்டை மிரட்டாமல் கூண்டுக்குள் ஓட்டுவது, மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் மெஸ்கீட் புதருக்கு மருந்தடிப்பது, அறுத்த உடலைப் பார்த்து இறைச்சியை மதிப்பிடுவது என்று செயல்விளக்கங்களும் உண்டு.

இத்தனை அறைகள் எதற்கு? டெக்சாஸ் மாட்டுக்காரர் என்றாலே ஆயிரம் மாடு ஓட்டும் குதிரைவீரர் என்று சினிமா நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. உண்மையில் அங்கே பெரும்பாலோரிடம் ஐம்பதுக்கும் குறைந்த மாடுகளே. பலருக்கு நகரத்தில் வேறு சம்பளம் உண்டு. வேளாண்மைக்குப் பயன்படும் நிலத்துக்குச் சந்தை விலைப்படி வரி போடாமல் விளைச்சல் மதிப்பின்படி போடுவதால், அந்தச் சலுகைக்காகவே நான்கு மாடு கட்டியவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறைக்காரரையும் போன மாதம் நிலம் வாங்கியவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்க முடியாது.

வேறு ஒரு நோக்கத்தோடு வருபவர்களும் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளை வாங்க அங்கே உரிமம் வேண்டும். அதைப் புதுப்பிக்க விவசாயி 5 ஆண்டுக்குள் 15 பயிற்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அதில் ஒரு நல்ல பங்கு இந்தக் கூட்டத்திலேயே கிடைத்துவிடும். புள்ளிக்காக உட்காருபவர்களைப் பற்றி இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. புள்ளிக்கு வந்தவர் காதிலும் மருந்தின் அளவு விழத்தான் செய்யும்.

வடக்கே, நான்கு மாநிலக் கூட்டத்தில், காட்சி வேறு. வழக்கமாக எல்லோரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து ஒரே உரையைக் கேட்கிறார்கள். இரவில் ‘புல் பென்’ (bull pen, காளைப் பட்டி) என்ற அமர்வு: பகலில் பேசியவர்கள் எதிரே உட்கார, மாட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். எனக்கு இந்தக் கூட்டத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

காரணம், வடக்கே கற்க வேண்டிய விஷயத்தின் தன்மை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் வகுத்த ‘சாண்ட்ஹில்ஸ்’ ஈற்று முறையைப் பாருங்கள். முன்னால் பிறந்த கன்றுகளின் குடலில் பெருகும் கிருமிதான் பின்னால் பிறப்பவற்றுக்குத் தொற்றி அவற்றைக் கழிச்சலில் கொல்கிறது. ஆகவே ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை, இன்னும் ஈனாத மாடுகளை மட்டும் புதிய புல்வெளிக்கு ஓட்டிவிட வேண்டும். ஈன்றவை கன்றோடு அங்கேயே நிற்கும். இப்படிச் செய்தால் வயதில் மூத்த கன்று இளங்கன்றோடு சேராது. சொல்ல எளிது. ஆனால் எத்தனை வேலி, எத்தனை தண்ணீர்த்தொட்டி, பனிப்புயல் அடித்தால் எந்த ஒதுக்கிடம்? ஈற்றுக் காலத்தை மார்ச்சிலிருந்து புல் தழைக்கும் ஜூனுக்குத் தள்ளினால் உலர்புல் செலவு குறையும் என்கிறது ஆய்வு. ஆனால் தாமதமாகப் பிறந்த கன்றை எப்போது விற்பது? மருந்தடிப்பதைப் போல இதையெல்லாம் ஒரு மதியத்தில் செய்துகாட்ட முடியாது. பண்ணையின் ஆண்டுக் கணக்கே மாறுகிறது. வாதாடாமல் எவரும் மாற்றமாட்டார்.

குறையும் உண்டு. ஒரே அரங்கில் புதியவர் தொலைந்துபோவார். கேள்வி நேரத்தை உரத்த குரல்காரர் பிடித்துக்கொள்ளலாம்.

மாடுகளும் ஒன்றல்ல. வடக்கே ஆங்கஸ், ஹெரிஃபோர்டு இனங்கள். டெக்சாஸின் வெயிலும் உண்ணியும் தாங்குவது திமிலுள்ள பிராமன் கலப்பு. அதன் மூதாதையரில் நம் பக்கத்து ஓங்கோலும் குஜராத்தின் கிர்ரும் உண்டு.

இப்போது இரண்டு கூட்டத்தாருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று இருக்கிறது. வறட்சியில் பலர் மந்தையை விற்றதும் ஒரு காரணமாக, 2025 ஜனவரியில் அமெரிக்க மாடுகளின் எண்ணிக்கை 8.67 கோடியாக இறங்கியது. 1951க்குப் பின் அதுவரை அதுவே மிகக் குறைவு. விலை உச்சத்தில் நிற்கும்போது கிடேரியை விற்றுக் காசாக்குவதா, அடுத்த தலைமுறைக்கு நிறுத்துவதா? கணக்குப் போடும் வழியை டெக்சாஸில் ஓர் அறையில் தெளிவாகக் கற்றுத்தருவார்கள். ஆனால் நான் இந்தக் கேள்வியை வடக்கின் இரவு அமர்வுக்குத்தான் கொண்டுபோவேன். பாதி மந்தையை விற்றவரும், கடன் வாங்கி உலர்புல் போட்டுக் காப்பாற்றியவரும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். பேராசிரியரை விட்டுவிட்டு அவர்களிடமே கேட்கலாம்.