காட்டுமொழி என்றார்கள்!

வேதநூலை மொழிபெயர்க்க ஓர் இளைஞரை அனுப்பினார்கள். சென்றவரோ மொழியின் மீது மாளாக் காதல் கொண்டார். வேதத்தின் மீது அவருக்கு நம்பிக்கையே இல்லை! வான் டெர் டூக் என்னும் டச்சு மொழியறிஞரின் வரலாற்றைப் படிக்கையில் நமக்கு முதலில் எழுவது சிரிப்பு. அடுத்து எழுவது வியப்பு.

1824-இல் மலாக்காவில் பிறந்தவர் அவர். ஹாலந்தில் சட்டம் பயிலப் புகுந்து, அதைக் கைவிட்டு, லெய்டன் நகரில் அரபும் வடமொழியும் கற்றார். சுமத்ராத் தீவின் பாத்தாக் மக்கள் பேசும் மொழியை ஆய்ந்து, அதில் பைபிளைப் பெயர்த்துத் தரும் பணியை நெதர்லாந்து பைபிள் சங்கத்தார் அவரிடம் ஒப்படைத்தனர். 1849-இல் கிழக்கே கப்பலேறினார்.

பாத்தாக் மக்கள் என்றதும் அந்நாளைய ஐரோப்பியருக்கு நினைவில் எழுந்தது ஒன்றே: நரமாமிசம் தின்போர்! மரப்பட்டையை மடித்து ஏடாக்கி, சொந்த எழுத்தில் எழுதிவைத்த மக்கள் அவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

1852 முதல் 1857 வரை பாருஸ் என்னும் கடற்கரையூரில் அவர் தங்கினார். கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அதன் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரத்தை நாடிக் கடல் கடந்த நம்மவர், அம்மக்களின் மொழியை நாடியதற்குச் சான்றேதும் விட்டுச் செல்லவில்லை! டூக்கின் வீடோ மலையிலிருந்து இறங்கி வந்தோர்க்கெல்லாம் திறந்தே கிடந்தது. வந்தார்கள், உண்டார்கள், உரையாடினார்கள். அவ்வுரையாடலே அவருக்குப் பள்ளிக்கூடம். 1853-இல் மலையேறி, தோபா ஏரியையும் கண்டார்.

1861-இல் அகராதி வெளிவந்தது. 1864-இலும் 1867-இலும் தோபா பாத்தாக் இலக்கணம் இரு பகுதிகளாக வந்தது. அத்தோடு நின்றாரா? தீவுக்குத் தீவு சொற்களை ஒப்பிட்டார். மலாய் மொழியில் 'பாரு' என்றால் புதியது. ஜொகூர் பாருவில் உள்ள அதே பாரு! பிலிப்பைன்ஸின் தகலோகு மொழியில் அது 'பாகோ'. நரம்பைக் குறிக்கும் சொல் மலாயில் 'ஊராட்', தகலோகில் 'உகாட்', போர்னியோவின் ஙாஜு தயாக் மொழியில் 'உஹாட்'. இங்கே ர, அங்கே 'தங்க'த்தில் ஒலிக்கும் க, அப்பால் ஹ! தற்செயலா இது? சொல்லுக்குச் சொல் தொடரும் ஒழுங்கு! இவ்விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காட்டுமொழி என்றார்களே, அந்தக் காட்டில் இத்தனை கட்டுப்பாடு!

பைபிளின் சில பகுதிகளைப் பாத்தாக்கில் பெயர்த்துக் கொடுத்தார், கடமை முடிந்தது. 1870-இல் பாலித் தீவுக்குச் சென்றவர், 1873-இல் சங்கத்தை விட்டு அரசுப் பணிக்கு மாறினார். கிராமத்தாரைப் போலவே உடுத்தி, மூங்கில் வீட்டில் வாழ்ந்தார். அவர் கையால் பாலிமொழி பைபிள் வரவேயில்லை. வந்தது, நான்கு தொகுதிகள் கொண்ட கவி–பாலி–டச்சு அகராதி. அதுவும் 1894-இல் அவர் மறைந்த பின்னர், 1897 முதல் 1912 வரை.

டெம்ப்வொல்ஃப் என்னும் ஜெர்மன் மருத்துவர், மொழியறிஞராகி, இத்தீவு மொழிகள் அனைத்துக்கும் தாயான தொன்மொழியின் ஒலிகளை 1934-க்கும் 1938-க்கும் இடையே மீட்டமைத்தார். அதற்கு அடித்தளமாக அவர் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: தகலோகு, ஜாவா மொழி, தோபா பாத்தாக்.