டொலுவீனில் பிழைத்த உயிர்

பெயின்ட் தின்னர் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அந்த நெடியில் டொலுவீனுக்குப் பெரும்பாலும் பங்குண்டு. பாக்டீரியாவுக்கு அது எமன். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து குலைத்துவிடும். உள்ளே இருப்பது வெளியே கசியும், கதை முடிந்தது.

ஆனால் 1989இல் ஜப்பானின் அகிரா இனோவேயும் கோக்கி ஹோரிகோஷியும் 'நேச்சர்' இதழில் ஒரு சூடோமோனாஸை அறிமுகப்படுத்தினார்கள். 50 சதவீதத்துக்கு மேல் டொலுவீன் ஊற்றியும் அது பெருகியது!

எப்படி? பின்னால் வந்த ஆய்வுகள் இந்த வகை பாக்டீரியாக்களின் சூட்சுமத்தைக் காட்டின. வளைந்த கொழுப்பு அமிலங்களை நிமிர்த்திச் சவ்வை இறுக்கிக்கொள்கின்றன. அதையும் மீறி நுழைவதைப் புரதப் பம்ப்புகளால் வெளியே தள்ளுகின்றன. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரிதான்.

இதைப் படிச்சப்ப முதலில் வியப்பு, அப்புறம் பயம். மருத்துவமனைக் கிருமிகள் ஆன்டிபயாடிக்கைத் துப்புவதும் இதே குடும்பத்துப் பம்ப்புகளால்தான்.