படிப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் கல்லூரிகளை மூடச் சொல்லி அரசு ஆணை வந்தபோது உள்ளூர மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. பாலவாக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போய்த் திரும்ப நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் கழியும். அந்த மூன்று மணி நேரமும் கையில் கிடைத்தால், பத்தாண்டுகளாகப் பழைய பெட்டியொன்றில் கிடக்கும் என் தலபுராணச் சொல்லடைவை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சீட்டுகள் எல்லாம் தயார். அகர வரிசைப்படுத்தி, பாட்டு எண்களைச் சரிபார்த்து, பொருள் எழுத வேண்டியதுதான் பாக்கி.

ஒன்றரை ஆண்டு வீட்டிலிருந்தேன். ‘க’ வரிசையைத் தாண்டவில்லை.

காலையில் இணையவழி வகுப்பு. திரையில் அறுபது கருப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒலிவாங்கிகளை அணைத்து வைக்கச் சொன்னவன் நானே. கலித்தொகையில் தோழி ஏதோ குறும்பாகப் பேசும் இடத்தை விளக்கிவிட்டு, நாற்பது பேர் சிரிக்கும் அந்த ஒரு கணத்துக்காகப் பழக்கத்தின் காரணமாக நிறுத்துவேன். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும். பதினொன்றரை மணிக்கு மடிக்கணினியை மூடிவிட்டுச் சீட்டுப் பெட்டியைத் திறந்தால் கை ஓடாது. கடற்காற்று எழும்பும்வரை வெயில் அசையாமல் நிற்கும். குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். செய்தித்தாளை இரண்டாம் முறை படிப்பேன். எதிர் வீட்டில் மென்பொருள் நிறுவன ஊழியர் ஒருவர் இருந்தார். பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தினமும் பைக்கில் போய் வந்தவர். மாலையில் மாடியில் நின்றபடி, “வேலை அதேதான் சார். ஆனா எதுக்குச் செய்யறோம்னு தெரியல” என்றார். நான் சொல்ல நினைத்ததை அவர் சொல்லிவிட்டார்.

இதற்கு நம் மாணவர்கள் சொல்வது ‘போர் அடிக்கிறது’. ஆங்கிலத்திலேயே அந்த உணர்ச்சிக்கான பெயர்ச்சொல் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது என்பார்கள். நம்மிடம் உள்ள சலிப்பு என்ற சொல் எனக்குப் பிடித்தமானது. மாவைச் சலிப்பதையும் மனம் சலிப்பதையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். ஓயாமல் ஆட்டப்பட்டுக் கொண்டிருக்கும்போதும் ஓரிடத்தை விட்டு நகராத நிலை அது. சோம்பல் வேறு. சோம்பேறிக்கு வேலையில் விருப்பமில்லை. சலித்தவனுக்கு விருப்பம் உண்டு, கைதான் எழவில்லை.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றும் 60, 61, 62ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வருகின்றன. இருபது ஆண்டுகளாக அவற்றைப் பாடம் நடத்தியும் அவை எந்த இயலில் உள்ளன என்பதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. மூன்றும் பொருட்பாலில், அரசியலில் இருக்கின்றன. உரைகாரர்கள் அவற்றை அரசனுக்கு உரியவையாகவே கொள்கிறார்கள். சோம்பலைப் பற்றிய எச்சரிக்கை உழவனுக்கோ வினைஞனுக்கோ அல்லாமல் அரசனுக்கு ஏன் சொல்லப்பட வேண்டும்? வகுப்பில் ஒருமுறை ஒரு மாணவி கேட்டபோது ஏதோ மழுப்பலாகப் பதில் சொன்னேன். வீட்டில் அடைபட்டிருந்தபோதுதான் ஒரு விடை தோன்றியது. மேலே யாரும் இல்லாதவன் அரசன். அவனுக்கு வருகைப் பதிவேடு கிடையாது. மணி அடித்து எழுப்புகிற தலைமையாசிரியர் கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவனும் ஓரளவு அந்த நிலையில்தான் இருக்கிறான், அரண்மனை மட்டும் இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. மடியின்மை அதிகாரம் திரும்பத் திரும்பக் ‘குடி’ என்ற சொல்லுக்கே வருகிறது. ஒருவன் சோம்பினால் கெடுவது அவனுடைய குடி என்கிறது. சோம்பல் தனியொருவனின் மனத்துக்குள் முடிந்துவிடும் சமாசாரமாக அங்கே பேசப்படவில்லை.

வீட்டிலிருந்தபடி வேலை செய்ததன் மிகப் பழைய வாக்குமூலம் என்று நான் கருதுவது எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகளுடையது. நான்காம் நூற்றாண்டில் அங்கே தனித்தனிக் குடில்களில் இருந்து பாயும் கூடையும் முடைந்து, வேதம் ஓதி வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான இவாக்ரியஸ், நண்பகற் பேய் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அது முற்பகலில் வந்து பிடிக்கும். சூரியன் நகரவே இல்லை என்று எண்ண வைக்கும். சன்னலை அடிக்கடி எட்டிப் பார்க்கச் சொல்லும். யாராவது பார்க்க வருகிறார்களா என்று வெளியே வரச் செய்யும். இந்த இடமும் இந்தக் கைவேலையும் வேண்டாம், வேறெங்காவது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஓதும். படித்தபோது திடுக்கிட்டேன். குளிர்பெட்டி ஒன்றுதான் அவர் பட்டியலில் இல்லை. அவருக்குப் பின் வந்த ஜான் காசியன் ஒரு கதை சொல்கிறார். பவுல் என்ற துறவி இருந்த இடம் சந்தைக்கு வெகு தொலைவு. ஆனாலும் அவர் ஓராண்டு முழுவதும் ஓலை முடைந்து குகையை நிரப்புவார். ஆண்டு முடிவில் எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். விற்பதற்காக அன்று, மனம் சிதறாமல் இருப்பதற்காக. காசியன் இதைப் போற்றிச் சொல்கிறார். எனக்கோ என் சொல்லடைவுச் சீட்டுகள் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது.

இத்தகைய நேரத்தில் தமிழாசிரியன் ஒருவன் யாரிடம் போய் நிற்பான்? உ.வே. சாமிநாதையரிடம்தான். 1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர். இடையில் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்த காலம் நீங்கலாக, எஞ்சிய ஆண்டுகளில் அவருடைய அலுவலகம் திருவட்டீசுவரன்பேட்டை வீடுதான். தமக்குக் கும்பகோணம் கல்லூரி வேலையைத் தேடித் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாக அதற்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று பெயரிட்டிருந்தார். (அந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.) பெருங்கதையை 1924இல் வெளியிட்டார். தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 34ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தார். குறுந்தொகை வெளிவந்த 1937இல் அவருக்கு வயது 82. ஊதியமில்லை, மேலதிகாரியில்லை, பிறகு எது அவரை நாள்தோறும் ஏட்டின் முன் உட்கார வைத்தது? மன உறுதி என்றுதான் நாம் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி வருகிறோம். ‘தமிழ்த் தாத்தா’ என்ற சித்திரமே அப்படிப்பட்டது: விளக்கொளியில் தன்னந்தனியாகச் சுவடியை உற்றுப் பார்க்கும் முதியவர்.

இந்தச் சித்திரம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எழுதியவற்றையும் அவரைப் பற்றிக் கி.வா. ஜகந்நாதன் எழுதியவற்றையும் இந்த ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தபோது, அவர் தனியாக இருந்த நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினமாக இருந்தது. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பது அடிப்படையில் இருவர் வேலை. ஒருவர் ஒரு பிரதியை உரக்கப் படிப்பார். மற்றொருவர் வேறு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். வேறுபாடு வந்த இடத்தில் கேட்பவர் நிறுத்துவார். மூன்று நான்கு பிரதிகள் இருந்தால் மூன்று நான்கு பேர். கும்பகோணத்திலேயே இது தொடங்கிவிட்டது. 1880இல் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், படித்த நூல்களின் பட்டியலைக் கேட்டுவிட்டுச் சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவிய கதை எல்லோருக்கும் தெரியும். அதை ஓர் அவமானத்தின் கதையாகவே சொல்கிறோம். அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து அதைப் படித்தார்கள் என்பதும், புரியாத இடங்களுக்கு அவர் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார் என்பதும் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டன. 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்கு இடையே ஏழு ஆண்டுகள். திருமானூர்க் கிருஷ்ணையர் போன்றவர்கள் ஏடு பார்க்கவும் பிரூப் பார்க்கவும் உடனிருந்தார்கள். சென்னை வீட்டில் மாணவர்கள் மாறி மாறி வந்தார்கள்; 1920களின் இறுதியில் கி.வா.ஜ. வந்து சேர்ந்தார். போதாததற்கு அஞ்சல் வேறு. அவருக்கு 1877 முதல் 1900 வரை வந்த கடிதங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்திருக்கிறார். சுவடி கேட்டு, பாடம் கேட்டு, புத்தகம் எப்போது வரும் என்று கேட்டு எழுதியவர்களின் கூட்டம் அது. அத்தனை பேர் வாசலில் காத்திருக்கும்போது நண்பகற் பேய் எந்த வழியாக உள்ளே நுழையும்?

85 வயதை நெருங்கியபோது, 1940 ஜனவரியில், ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம். அவர் சொல்லச் சொல்லக் கி.வா.ஜ. எழுதிக்கொள்வார். தன் வரலாற்றை எழுதும்படி பலர் முன்பே கேட்டும் எழுதாதிருந்தவரை 122 அத்தியாயங்கள் வரை கொண்டுசென்றது எது? அடுத்த வார இதழ் ஒரு காரணம். எதிரே உட்கார்ந்து கேட்டவர் இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த நூலின் வாக்கியங்களில் பேச்சின் மூச்சு இருப்பதற்கும் அதுவே காரணமாகலாம். 1942இல் போர் அச்சத்தால் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றவர் ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். சரித்திரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிட்டது.

மறைமலையடிகளை இதற்கு மறுப்பாக ஒரு நண்பர் சுட்டினார். நியாயமான மறுப்புத்தான். 1898 முதல் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிவிட்டு 1911இல் வெளியேறிப் பல்லாவரத்தில் குடியேறியவர். பெரிய நூலகத்தைச் சேர்த்தவர். வீட்டிலேயே அச்சுக்கூடம் வைத்திருந்தவர். 1898 முதல் 1950 வரை நாட்குறிப்பு எழுதியவர். தனிமையும் ஒழுங்கும் அவருக்குப் பொருந்தும். நாட்குறிப்பு என்பதே மேலதிகாரி இல்லாதவன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட வருகைப் பதிவேடு. ஆனால் அவரைத் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாக்கிய நிகழ்ச்சி எங்கே நடந்தது? 1916இல், பல்லாவரம் வீட்டுத் தோட்டத்தில். வள்ளலார் பாட்டொன்றில் வரும் ‘தேகம்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘யாக்கை’ இருந்திருந்தால் இன்னும் இனித்திருக்குமே என்று, உடன் உலவிய சிறுமியான மகள் நீலாம்பிகையிடம் சொன்னாராம். அப்படியானால் இனி நாமாவது தமிழ்ச் சொற்களையே ஆளலாமே என்று மகள் கேட்டாராம். கதையில் எவ்வளவு பின்னால் மெருகேறியதோ. எனினும் வேதாசலம் மறைமலையானது தனியறையில் யோசித்து அன்று, வீட்டில் ஒரு குழந்தை காது கொடுத்துக் கேட்டதனால் என்றுதான் அந்தக் குடும்பமே நினைவுகூர்ந்திருக்கிறது. அந்தச் சிறுமி வளர்ந்து 1937இல் வடசொற்றமிழ் அகரவரிசையை வெளியிட்டார். அப்பா விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு மகள் எழுதிய அகராதி!

அகராதி என்றதும் ஜேம்ஸ் மர்ரியைச் சொல்லாமல் விட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை 1879 முதல் தொகுத்தவர். அவருடைய பணியிடம் வீட்டுத் தோட்டத்தில் போட்ட இரும்புத் தகரக் கொட்டகை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறியபோது அண்டை வீட்டாருக்குக் காட்சி மறைகிறது என்று கொட்டகையைத் தரையில் பள்ளம் தோண்டி இறக்கினார்கள். குளிருக்கு அவர் கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்வார். பத்தாண்டில் முடியும் என்று நினைத்தது, அவர் 1915இல் இறந்தபோதும் முடியவில்லை, 1928இல்தான் நிறைவடைந்தது. அவருக்குப் பதினொரு குழந்தைகள். எல்லோரும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகர வரிசைப்படுத்தினார்கள். சொல்லடைவுக்காரனாகிய எனக்குப் பொறாமை தந்த செய்தி இதுவே. என் மகனிடம் ஒரு கட்டுச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் அதன் மேல் அவனுடைய தட்டச்சுப்பலகை உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் ஒருநாள் இரவு உற்சாகமாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “உங்களுக்குச் சலிச்சுக்கிறதுக்காவது நேரம் இருக்கு” என்றார். அவரும் அப்போது வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார், சாப்பாட்டு மேசையில், மூன்று வேளைச் சமையலுக்கு இடையில். எனக்கு ஓர் அறை இருந்தது. அவ்வளவு பேர் வந்து போன தியாகராஜ விலாசத்தில் அத்தனை பேருக்கும் காப்பி கலந்தவர்கள் யார், அவர்கள் எப்போது சலித்துக்கொண்டார்கள் என்பதைத் தேடினால் நம் இலக்கிய வரலாற்றில் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. நான் இதுவரை எழுதியிருப்பது பாதி வரலாறுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொல்லடைவு விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி திறந்த பிறகும் அது பெட்டியில்தான் இருந்தது. ஓய்வு பெற்ற முன்னாள் சக ஆசிரியர் ஒருவர் மயிலாப்பூரில் இருக்கிறார். கண் பார்வை குறைந்துவிட்டது. படிக்க முடியவில்லையே என்று தொலைபேசியில் ஒருநாள் வருந்தினார். படிக்க வேண்டாம், கேளுங்கள் என்றேன். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள், மாலை ஆறு மணிக்கு, நான் பாட்டைப் படிக்கிறேன். சீட்டில் எழுதியிருக்கும் பொருளைச் சொல்கிறேன். அவர் கேட்கிறார். தவறு என்றால் “நில்லு” என்பார். நான் படிக்கத் தயாராகாத நாட்களில் அவருடைய அழைப்பு ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு வந்துவிடும். ஒருமுறை பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே.சா. நூல்நிலையத்துக்கு இருவரும் ஆட்டோவில் போய் ஒரு பாடவேறுபாட்டைச் சரிபார்த்து வந்தோம். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளிருந்து வந்து காதோரம் படித்துக் காட்டினேன்.

இப்போது ‘ம’ வரிசையில் இருக்கிறோம். போன வாரம் ‘மடி’ வந்தது. பழைய சீட்டில் சோம்பல் என்று பொருள் எழுதி வைத்திருந்தேன். குறள் நடத்திய பழக்கம். பாட்டைப் படித்ததும் அவர் நிறுத்தினார். புற்றின் மேல் பசு தானாகப் பால் சொரியும் இடம் அது. அடித்துவிட்டுப் பசுவின் மடி என்று எழுதினேன். அடுத்த சொல்லுக்குப் போகச் சொன்னார்.