ஒருத்தன் கூடப் போனா...

போன வாரம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் பேப்பரில் ஏதோ பலாத்கார வழக்கைப் படித்துவிட்டு, "அவளே எவன் கூடவோ ஓடிப்போனவதானே?" என்றார். காலிக் கூடையோடு பழவேற்காடு பஸ்ஸுக்கு நின்ற மீன்காரம்மா சட்டுனு திரும்பி, "ஒருத்தன் கூடப் போனா, ஊர்ல இருக்கறவன்லாம் கையப் புடிக்கலாமாய்யா?" என்றார். மனுஷன் கப்சிப்.

இதற்குப் பதில் சொல்ல நம்ம சட்டத்துக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா?

1972 மார்ச் 26, மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமிக்கு 14-16 வயது இருக்கும். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்க முடிவு செய்திருந்தாள். அண்ணன் புகார் கொடுக்க, விசாரணைக்கு வந்த இடத்தில் அந்தக் கொடுமை. 'உறவுக்குப் பழகியவள்' என்றது செஷன்ஸ் கோர்ட். ஹைகோர்ட் தண்டித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சல் போடவில்லை என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது.

அடங்கிப்போவதும் சம்மதமும் ஒண்ணா என்று 1979-ல் தலைமை நீதிபதிக்கே மடல் எழுதினார்கள் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட நாலு சட்டப் பேராசிரியர்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் மாறியது: காவலில் நடந்த பலாத்காரத்தில், உறவு நடந்தது நிரூபணமாகி, அவள் 'சம்மதிக்கலை' என்றால் கோர்ட் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் நடத்தையைக் கிளற வழிவிட்ட பிரிவு 2003-ல்தான் போனது. எதிர்த்துப் போராடாதது மட்டுமே சம்மதமாகாது என்று 2013-ல் எழுதினார்கள்.

ஆனால் 18 வயது தாண்டிய மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்தினால் பலாத்காரம் இல்லை என்ற விலக்கு, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் இடம்பிடித்தது. ஒருநாள் சரின்னா எல்லா நாளுமா?

அந்தம்மாகிட்ட இதையும் கேட்டிருக்கணும். அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு.