மூன்று லினக்ஸ் கண்ட மாவட்டங்கள்

சொந்தக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட நினைப்பவர் முதலில் கேட்பது, எந்த லினக்ஸ் என்பதைத்தான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று பெயர்கள் நீளும். கேட்டவர் பாதியிலேயே களைத்துப்போவார். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. அவர்களுக்காக அரசே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று வெவ்வேறு லினக்ஸ்களைக் கொடுத்தது: 2007 வாக்கில் சூசே, 2011 முதல் பாஸ், 2018-ன் புதிய பாடநூலில் உபுண்டு. மூன்றுமே தரமானவை. ஆனாலும் எதுவும் இந்த மாவட்டங்களின் வீடுகளில் வேர் பிடிக்கவில்லை. அதற்குத் தரத்தைக் குறை சொல்ல முடியாது என்பதே என் வாதம். ஒரு லினக்ஸ் வீட்டில் நிலைக்குமா என்பதை, அதைக் கற்றுத்தரும் ஆசிரியரும் பழுது பார்க்கும் கடைக்காரரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்களா என்பதே தீர்மானிக்கிறது. அப்படி நாலு பேர் தேறி வரும் வேளையில் ஒவ்வொரு முறையும் லினக்ஸ் மாறிவிட்டது.

1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல் என்ற உட்கரு மட்டுமே. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பம்கூட அடிக்க முடியாது. திரை, எழுத்துரு, உலாவி, அலுவலகச் செயலி, புது மென்பொருளைச் சேர்க்கும் வழி எல்லாவற்றையும் அதன்மேல் சேர்த்துக் கட்டித் தருவதுதான் டிஸ்ட்ரோ. நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. அசோக் லேலண்டோ டாடாவோ எஞ்சினும் சேஸியுமாக வண்டியை அனுப்பும். நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய பிறகுதான் அது சரக்கு லாரி. அப்படிப்பட்ட ஒரு சேஸி திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக் ஆகி நாடெங்கும் சுற்றும். டெபியன் 1993-ல் தன்னார்வலர்கள் கட்டத் தொடங்கிய பாடி. உபுண்டுவும் நம் நாட்டு பாஸும் அந்த டெபியனை வைத்தே கட்டப்பட்டவை. சூசே ஜெர்மனியில் பிறந்த தனி வம்சம். பாடி கட்டக் கொடுப்பவர் வர்ணத்தையும் மரத்தையும் பார்ப்பார்தான். அதோடு, வெளியூரில் பழுதானால் கை வைக்கத் தெரிந்த ஆள் கிடைப்பானா என்பதையும் விசாரிப்பார். கணினி வாங்கும்போது அந்த விசாரணையை யாரும் செய்யவில்லை.

முதல் தேர்வு சூசே. சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் தன் அலுவலகக் கணினிகளையே முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. பிறகு அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கிய கணினிகளிலும் அதையே போட்டது. இந்திய மாநிலங்களில் அன்றைக்கு அது துணிச்சலான முடிவு. உரிமக் கட்டணம் மிச்சமானதைவிட, ஓர் அரசு நிறுவனம் தானே பயன்படுத்திப் பார்த்துவிட்டு மற்றவர்க்குப் பரிந்துரைத்த நேர்மையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் அந்த முயற்சி ஓர் அதிகாரியின் உறுதியைச் சார்ந்து நின்றது. அவர் வேறு பொறுப்புக்குப் போனதும் வேகம் தணிந்தது. சூசேயும் கை மாறிக்கொண்டே இருந்த சொத்து. 2004-ல் நோவெல் வாங்கியது. 2011-ல் நோவெலையே அட்டாச்மேட் வாங்கியது. அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர் யாஸ்ட் என்ற சூசேயின் அமைப்புக் கருவியைப் பழகி, பிரிண்டர் இணைப்பதையும் மென்பொருள் சேர்ப்பதையும் அதன் வழியே கற்றிருப்பார். அடுத்து வந்த பாஸில் யாஸ்ட் கிடையாது. டெபியன் வம்சத்துக்கு மென்பொருள் பொதியும் வேறு, அதைச் சேர்க்கும் கட்டளையும் வேறு. கற்றதில் பாதியை அவர் மறந்தாக வேண்டியிருந்தது.

பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் அதை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதன் வேலை பெருமளவு சென்னையிலேயே நடந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டு, மாநிலம் முழுக்க எண்ணிக்கை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. மதிப்பெண்ணுக்குப் பேர்போன நாமக்கல், ராசிபுரம் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கு இதில் இடமில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டில் அதுவரை கணினியே பார்த்திராத பிள்ளைகள்: தறி ஓட்டுபவர், கோழிப்பண்ணையில் வேலை செய்பவர், மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குபவர் வீட்டுப் பிள்ளைகள். உலகில் வேறெங்கும் இவ்வளவு ஏழை வீடுகளுக்குள் லினக்ஸ் ஒரே நேரத்தில் நுழைந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நுழைந்தது, தங்கவில்லை. லேப்டாப்பைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வரும். எது வேண்டும் என்று அம்புக்குறியால் நகர்த்தி என்டர் தட்ட வேண்டும். பாஸைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு யாரும் துணையில்லை. ஊர்க் கடையில் படமோ பாட்டோ பென் டிரைவில் ஏற்றி வாங்கினால் ஓடுமா என்பது முதல் கேள்வி. பல வடிவங்களுக்குக் கோடெக் என்ற துணை நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் சேர்க்க இணையம் வேண்டும். லினக்ஸின் அழகே, எல்லா மென்பொருளும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதும், ஒரு கட்டளையில் இறங்குவதும்தான். ஆனால் 2011-ல் சேந்தமங்கலத்துக்கோ எடப்பாடிக்கோ பக்கத்துக் கிராமத்தில் நிகழ்நிலைக் களஞ்சியம் எட்டாத உயரம். டாங்கிளில் ஒரு ஜிபி வாங்குவதே செலவு; ஜியோ வந்து டேட்டா மலிவானது 2016 செப்டம்பரில். விண்டோஸ் மென்பொருளோ சி.டி.யிலும் பென் டிரைவிலும் கைமாறியது. ஆக, லேப்டாப் மெதுவாகிறது என்று சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனால், கடைக்காரர் தெரிந்ததைச் செய்வார்: ஃபார்மேட் அடித்து, வட்டு முழுவதையும் விண்டோஸுக்கே கொடுத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பாஸில் கை வைக்க அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை, வாடிக்கையாளரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். விண்டோஸ்தான் தமிழுக்கு வசதி, அதனால்தான் மக்கள் அதை விடவில்லை என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. டி.டி.பி. கடைகளும் அச்சகங்களும் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஊறிப்போயிருந்தன. கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அவற்றில்தான் தயாராயின. அந்தக் கடைகளுக்கு லினக்ஸ் உதவியிருக்காது. மாணவர் வீட்டில் நிலைமை வேறு. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. 1999 தமிழிணைய மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைத்தது. அதில் அம்மா என்று அடிக்க, அகர விசையை ஒரு முறையும் மகர விசையை இரண்டு முறையும் தட்டினால் முதல் மகரத்தின் மேல் தானே புள்ளி விழுந்துவிடும். பிறகு ஆகார விசை. நாலே தட்டு. தட்டச்சு நிலையம் போகாத பிள்ளையும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ளக் கூடியது. எழில்மிகு இந்த ஏற்பாட்டை லேப்டாப் வாங்கிய எத்தனை பேருக்கு ஒருவர் உட்கார்ந்து காட்டினார்? வழி கணினிக்குள் இருந்தது, காட்ட ஆளில்லை.

பாடநூலின் கதை இன்னும் வருத்தம் தருவது. பல ஆண்டுகள் மேல்நிலைக் கணினி அறிவியல் நூல் ஸ்டார் ஆபீஸ் என்ற அலுவலகச் செயலியைக் கற்றுத் தந்தது. தெருவில் இருந்த கணினி மையங்கள் எம்.எஸ். ஆபீஸைக் கற்றுத் தந்தன. கையில் இருந்த லேப்டாப்பில் பாஸ் இருந்தது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு நின்றபோது, அரசு தன் துறைகளுக்கு பாஸைப் பரிந்துரைத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த புதிய பதினோராம் வகுப்புப் பாடநூல் விண்டோஸோடு சேர்த்து உபுண்டுவை விளக்கியது. உபுண்டு நல்ல தேர்வு. ஆனால் மாணவர் படித்தது ஒன்று, அவர் மடியில் இருந்தது இன்னொன்று. பொத்தான் இருக்கும் இடமும் பட்டியலின் பெயரும் மாறினால், புதிதாகக் கற்பவருக்கு அது தன் தவறாகத்தான் தெரியும்.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போனது. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது, பிறகு திரும்பவில்லை. முதலில் டெபியன் வழி, பின்னர் உபுண்டு வழி. இரண்டும் ஒரே வம்சம் என்பதால் ஆசிரியர் கற்றது வீணாகவில்லை. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு மூன்றும் பள்ளிக் கணினியில் இருந்த அதே லினக்ஸில் நடந்தன. 2019-ல் உபுண்டு 18.04-ஐ வைத்து அவர்களே ஒரு பதிப்பைத் தயாரித்து, இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்கென வெளியிட்டார்கள். தமிழ்நாடு இயந்திரத்தை வீட்டுக்குக் கொடுத்தது. கேரளம் பழக்கத்தைக் கொடுத்தது. நம் மாநிலம் செலவழித்ததுதான் பெரிய தொகை என்பதை நினைக்கும்போது ஆதங்கம் அதிகமாகிறது.

இப்படி அரசு ஒரே லினக்ஸைத் திணிப்பது கட்டற்ற மென்பொருளின் மனப்பான்மைக்கே விரோதம் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் மூல நிரல் திறந்திருக்கும் வரை, விருப்பமுள்ளவர் வேறொன்றுக்கு மாற எந்தத் தடையும் இல்லை. பொதுவான ஒன்றைக் கற்றவருக்குத்தான் மாறும் தெம்பும் வரும். பாஸ் நம் நாட்டுத் தயாரிப்பு, தற்சார்புக்காக அதையே வைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். ஆனால் பாஸ் டெபியனின் பிள்ளை. டெபியனையோ உபுண்டுவையோ ஆழமாகக் கற்ற சேலத்துப் பையன் ஒருவன், பெயரில் மட்டும் பாரதம் இருக்கும் வட்டைவிடத் தற்சார்புக்கு உறுதியான ஆதாரம். மூன்றாவது வாதம்தான் கனமானது: இங்கே வேலை என்றால் டாலி. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையிலும் ஜவ்வரிசி ஆலையிலும் லாரி புக்கிங் ஆபீசிலும் கணக்கு டாலியில்தான் ஓடுகிறது. டாலி விண்டோஸுக்கு எழுதப்பட்டது. உண்மை. கணக்குப் பிள்ளையாக வேலை பார்ப்பவரிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் படிக்க, எழுத, விண்ணப்பம் போட, படம் பார்க்க, நிரல் கற்கக் கணினி வைத்திருப்பவருக்கு அந்த வாதம் பொருந்தாது. அவர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் 2 ஜிபி நினைவகம்தான். விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. பீரோவுக்கு மேல் கிடக்கும் அந்த இயந்திரங்களுக்கு இன்று எந்த லினக்ஸ் என்றால், டெபியன் வம்சத்துக்குள்ளேயே தேடுவது நல்லது: பாஸ் அங்கிருந்து வந்தது, பாடநூலின் உபுண்டு அங்கிருந்து வந்தது, கணியம் போன்ற தமிழ் இதழ்களில் கிடைக்கும் விளக்கங்களும் பெரும்பாலும் உபுண்டுவைக் கையில் வைத்து எழுதப்பட்டவை. ஃபெடோரா அருமையான டிஸ்ட்ரோ, ஆனால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் ஏறக்குறைய 13 மாதம்; அடிக்கடி மேம்படுத்த வீட்டில் ஆள் வேண்டும். முழு உபுண்டு 2 ஜிபியில் திணறும். அதே வம்சத்து லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலகுவான பதிப்பு அந்த அளவிலும் ஓடும், 2029 வரை திருத்தங்கள் வரும். வைஃபை சிப்புக்குத் தேவையான மூடிய நிரலை நிறுவும்போதே சேர்க்க 2022-ல் டெபியன் திட்டம் வாக்கெடுத்து முடிவு செய்ததால், முன்பு பலரைத் திருப்பி அனுப்பிய அந்தத் தொல்லையும் குறைந்துவிட்டது. வட்டைத் துடைக்கும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் தமிழ்99-உம் வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொள்ளலாம். ஊரில் வேறு யாராவது ஏற்கெனவே உபுண்டு வைத்திருந்தால், மின்டைவிட அதையே போடுவது மேல். நினைவகத்தை 4 ஜிபியாக்கும் செலவு அதற்குத் தகும்.