கயிறும் கந்தைத் துணியும்

எருசலேம் நகரைப் பாபிலோனியர் முற்றுகையிட்டிருந்த நாள்களில், இறைவாக்கினர் எரேமியா காவல்கூடத்து முற்றத்தில் இருந்த பாழ்ங்கிணறு ஒன்றினுள் இறக்கிவிடப்பட்டார். அதில் நீர் இல்லை; சேறு மட்டுமே இருந்தது. அச்சேற்றில் அவர் அமிழ்ந்துகொண்டிருந்த செய்தி, அரசன் செதேக்கியாவின் அரண்மனையில் பணிபுரிந்த எத்தியோப்பியர் ஒருவரின் செவிக்கு எட்டியது. எபேது மெலேக்கு என்பது அவர் பெயர். அவர் செய்தவற்றை எரேமியா நூலின் 38-ஆம் அதிகாரம் வியக்கத்தக்க நுணுக்கத்துடன் வரிசைப்படுத்துகிறது.

முதலில் அவர் அரசனிடம் சென்று அனுமதி பெற்றார். அடுத்து, ஆள்களைத் திரட்டினார். பின்னர் அரண்மனைக் கருவூலத்தின் கீழறைக்குச் சென்று, பழைய கிழிந்த துணிகளைத் தேடி எடுத்தார். அவற்றைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, அக்குள்களில் துணிகளை வைத்து அவற்றின்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளுமாறு எரேமியாவிடம் கூறினார். அதன் பின்னரே கயிறு இழுக்கப்பட்டது. இறைவாக்கினர் மேலே வந்தார்.

இப்பகுதியை வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் அந்த அந்நியரின் இரக்கத்தைப் போற்றுகிறோம். அது தகும். ஆயினும் அந்த இரக்கம் எவ்வழியில் செயற்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். எபேது மெலேக்கு பதறியடித்துக் கிணற்றுக்குள் குதிக்கவில்லை. பட்டினியால் மெலிந்த உடலைக் கயிறு அறுத்துவிடும் என்பதை முன்னரே எண்ணிப் பார்த்தார். கிணற்றின் விளிம்பில் நின்றபடியே மீட்டார். ஆழ்குழிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் சிக்கியோரை மீட்கும் பணிக்கு இன்று உலகெங்கும் அளிக்கப்படும் பயிற்சியின் அடிப்படை இவையே: அனுமதி, ஆள்பலம், தக்க கருவி, உடலுக்குக் காப்பு, கூடுமானவரை உள்ளே இறங்காமல் மீட்டல். இவ்வுண்மையை மனித குலம் மீண்டும் கற்றுக்கொள்வதற்குப் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லை கடந்து வந்த அணி

1906-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் காலை. வட பிரான்சிலுள்ள கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்பட்ட பெரும் வெடிப்பு, நிலக்கரித் தூளைப் பற்றிக்கொண்டு சுரங்க வழிகளெங்கும் பாய்ந்தது. 1,099 பேர் மாண்டனர். ஐரோப்பியச் சுரங்க வரலாற்றில் அதனினும் பெரிய விபத்து இல்லை. வெடிப்பில் தப்பியவர்களையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சூழ்ந்தது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறவினரைத் தேடி வெறும் கையோடு கீழே இறங்கிய தோழர்களிடம் துணிவு இருந்தது. மூச்சு விடுவதற்குத் தூய காற்று இல்லை.

அவ்வேளையில் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியப் பகுதிச் சுரங்கங்களிலிருந்து ஒரு மீட்பணி புறப்பட்டு வந்தது. முதுகில் சுமக்கும் மூச்சுக் கருவிகளைப் பயன்படுத்த முன்னரே பயிற்சி பெற்றிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் அவர்கள். அக்காலத்தில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நிலவிய பகைமையை நினைவுகூர வேண்டும். 1871-இல் அல்சேஸ் மாநிலத்தை இழந்த வேதனை பிரெஞ்சு மக்களின் நெஞ்சில் ஆறாதிருந்தது. மொராக்கோவை முன்னிட்டு இரு அரசுகளும் அல்ஜெசிராஸ் மாநாட்டில் அந்த மாதத்தில்தான் வாதிட்டுக்கொண்டிருந்தன. அத்தகைய வேளையில் ஜெர்மன் தொழிலாளர்கள் எல்லையைக் கடந்து, பிரெஞ்சுத் தொழிலாளர்களைத் தேடிச் சுரங்கத்தினுள் இறங்கினர். இந்நிகழ்ச்சி பின்னாளில், 1931-இல், ஆஸ்திரிய இயக்குநர் பாப்ஸ்ட் எடுத்த திரைப்படம் ஒன்றுக்குக் கருவாயிற்று.

எனினும் கூரியேரின் கதையில் கசப்பான பகுதியும் உண்டு. உள்ளே எவரும் உயிருடன் இருக்க இயலாது என்று முடிவுசெய்த பொறுப்பாளர்கள், சில நாள்களிலேயே தேடுதலைக் கைவிட்டு, தீயை அடக்குவதில் கவனம் செலுத்தினர். ஆனால் மார்ச் 30-ஆம் நாள், விபத்து நிகழ்ந்து இருபது நாள்களுக்குப் பின், 13 பேர் இருளில் வழி தேடித் தாமாகவே வெளியே வந்தனர். ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொருவரும் உயிருடன் மீண்டார். நாடு அதிர்ந்தது, தொழிலாளரின் சினம் பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது. மீட்புப் பணியைத் தற்செயலின் கையில் விட்டுவிடலாகாது என்ற உணர்வு இத்தகைய விபத்துகளால் வலுப்பெற்றது. 1910-இல் பிரிட்டன் சுரங்க மீட்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் அமெரிக்கா நிறுவிய சுரங்கத் துறை, ரயில் பெட்டிகளையே பயிற்சிக் கூடங்களாக்கிச் சுரங்க ஊர்களுக்கு அனுப்பிற்று.

ஒரு முடிச்சு

இனிப் பாதாளத்திலிருந்து மலைமுகட்டுக்குச் செல்வோம். மலையேற்றத்துக்கும் நம் திருச்சபைக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 2,470 மீட்டர் உயரத்தில், பனியில் வழி தவறியவர்களைக் காப்பதற்கெனப் பதினொன்றாம் நூற்றாண்டில் விடுதியும் துறவியர் குழுவும் அமையக் காரணரானவர் புனித பெர்னார்து. அவரை மலையேறுவோரின் பாதுகாவலராக 1923-இல் அறிவித்தவர் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ். அக்கீல் ராத்தி என்னும் குருவாக இருந்தபோது, 1889-இல், மோந்தே ரோசா மலையின் கடினமான கிழக்கு முகத்தில் ஏறியவர் அவர். கயிற்றின் அருமை அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அதே ஆல்ப்ஸ் மலைத்தொடரில் சுவிட்சர்லாந்தின் ஐகர் சிகரத்து வடமுகம் செங்குத்தானது. 1936 ஜூலையில் அதில் ஏற முயன்ற நால்வரில் மூவர் இறந்தனர். டோனி குர்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் மட்டும் கயிற்றில் தொங்கியபடி ஓர் இரவைக் கழித்தார். அம்மலையினூடே செல்லும் ரயில் பாதையின் சாளரம் வழியாக வழிகாட்டிகள் உயிரைப் பணயம் வைத்து வெளியேறி, அவருக்குக் கீழே சென்று சேர்ந்தனர். உறைந்த கையோடு அவர் கயிற்றின் புரிகளைப் பிரித்துக் கீழே விட்டார். அவர்கள் அதில் வேறு கயிறு கட்டி அனுப்பினர். நீளம் போதாமையால் இரண்டு கயிறுகளை முடிச்சிட்டு இணைக்க வேண்டியதாயிற்று. இறங்கி வருகையில் அந்த முடிச்சு அவரது இடுப்பு வளையத்தில் சிக்கிக்கொண்டது. ஒருவர் கையிலிருந்த பனிக்கோடரி அவரது காலடியைத் தொடும் அளவுக்கு அருகிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அங்கே அன்புக்கும் குறைவில்லை, வீரத்துக்கும் குறைவில்லை. போதிய நீளமுள்ள கயிறும், முடிச்சு வளையத்தைக் கடப்பதற்கான வழிமுறையும் இல்லை. இன்று கயிற்றுவழி மீட்புக்குப் பயிற்சி பெறுவோர், முடிச்சைத் தடையின்றிக் கடத்தும் முறையைத் தனிப்பாடமாகவே பயில்கின்றனர்.

இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1957 ஆகஸ்டில், அதே முகத்தில் கிளாவுதியோ கோர்த்தி என்ற இத்தாலியர் சிக்கினார். இம்முறை மீட்பர்கள் கீழிருந்து வரவில்லை. சிகரத்தின்மேல் உருளையை நிறுவி, எஃகு வடத்தில் ஆல்பிரட் ஹெல்லெபார்ட் என்பவரை 300 மீட்டருக்கும் கீழே இறக்கினர். கோர்த்தியைத் தம் முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு அவர் மேலே வந்தார். அந்த வடமும் முதுகு இருக்கையும் மூனிக் நகரத்து மலைமீட்புப் படையினரான லுட்விக் கிரம்மிங்கர் ஆண்டுக்கணக்கில் சோதித்து உருவாக்கியவை. ஜெர்மானியர், சுவிசர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், போலந்து நாட்டவர், டச்சுக்காரர் ஆகியோர் சேர்ந்து அந்தப் பணியைச் செய்தனர். உலகப் போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். ஆயினும் கோர்த்தியின் தோழர் லோங்கியை எட்ட முடியாமற்போயிற்று; மீட்பின் மகிழ்ச்சியோடு அத்துயரும் சேர்ந்தே வரலாற்றில் பதிந்துள்ளது.

மீட்கச் சென்றவரின் சாவு

1986-இல் அமெரிக்கத் தேசியத் தொழிற் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கை உலகை உலுக்கிற்று. தொட்டி, கழிவுநீர்க் குழி போன்ற அடைபட்ட இடங்களில் இறப்போரில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் முதலில் விழுந்தவர்கள் அல்லர். அவர்களைக் காக்க இறங்கியவர்கள் என்று அது கூறியது. பிற்காலக் கணக்குகள் இதைவிடக் குறைந்த விகிதத்தைத் தந்துள்ள போதிலும், உண்மையின் கடுமை குறையவில்லை.

காரணம் எளிது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு ஆக்சிஜன் உண்டு. மூடிய குழியில் அழுகும் பொருள்கள் அதை உட்கொண்டுவிடுகின்றன. அது 10 விழுக்காட்டுக்கும் கீழே சென்றால், இறங்கியவர் கூவி அழைக்கவும் நேரமின்றி மயங்கி விழுவார். கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்ததும் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவரை அது கொன்றுவிடும். கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் முன்னோரின் வழக்கம் ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த நச்சு வாயுவை அது காட்டாது. மீத்தேன் தேங்கிய இடத்தில் விளக்கே வெடிப்புக்குக் காரணமாகிவிடும்.

எனவே 1993-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள், முதலில் கருவிகொண்டு காற்றைச் சோதிக்கவும், இறங்குபவர் உடல்வாரும் உயிர்க்கயிறும் அணியவும், அக்கயிற்றை வெளியிலிருந்து இழுக்கும் உருளை ஆயத்தமாக இருக்கவும் கட்டளையிட்டன. வாயிலில் காவலிருப்பவர் எக்காரணம் கொண்டும் தாமாக உள்ளே பாயலாகாது. மீட்பணியினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பொம்மைகளையோ ஆள்களையோ வைத்து மீட்டுப் பழக வேண்டும். கண்ணெதிரே தோழன் விழும்போது, இறங்காமல் நின்று கயிற்றை இழுப்பது மனித இயல்புக்கு மாறானது. ஆகவேதான் அதற்குப் பயிற்சி தேவைப்படுகிறது.

நம் மண்ணில்

நம் நாட்டிலும் ஒளிமிக்க சான்றுகள் உண்டு. 1989 நவம்பரில் மேற்கு வங்கத்தின் இராணிகஞ்ச் பகுதியில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. துளையிட்டு, எஃகுக் கூண்டு ஒன்றைச் செய்து, அதில் தாமே முதலில் இறங்கினார் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். ஒவ்வொருவராக 65 பேர் மேலே வந்தனர். 1955-இல் ஜெர்மனியின் டால்புஷ் சுரங்கத்தில் இத்தகைய கூண்டு ஒன்று மூவரைக் காத்தது. 2010-இல் சிலி நாட்டில் 33 பேரை மீட்டதும் அவ்வகைக் கூண்டே.

ஆனால் துயரங்களே மிகுதி. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது, தமிழகமே நாள்கணக்கில் செபத்துடன் காத்திருந்தது. பல குழுக்கள் பல கருவிகளோடு முயன்றன, கடும்பாறை இடைநின்றது, குழந்தையின் உடலையே பெற முடிந்தது. பயனற்ற ஆழ்துளைக் கிணறுகளை மூடிவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. ஒரு மூடியும் சிறிது மண்ணும் போதுமாயிருந்தன.

இனி, நாம் பேசத் தயங்கும் குழிக்கு வருவோம். கழிவுத் தொட்டியில் ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க உடன்பிறந்தவரோ மகனோ இறங்க, இருவரும் மாண்டார்கள் என்னும் செய்தியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அவ்வாறு மாள்வோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகள். பாதுகாப்பின்றி எவரையும் கழிவுக்குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, குழிகளும் திறந்தே இருக்கின்றன.

வரலாறு நமக்குக் காட்டிய மீட்பர்களை மீண்டும் நினைவில் கொள்வோம். யூதரை மீட்டவர் எத்தியோப்பியர். பிரெஞ்சுக்காரரைத் தேடி இறங்கியவர் ஜெர்மானியர். குழியின் விளிம்பில் நாட்டு எல்லைகள் அழிந்தன. நம்மிடையே உள்ள எல்லையோ குழிக்குள் யார் இறங்க வேண்டும் என்பதை முன்னரே வகுத்து வைத்திருக்கிறது. அந்த எல்லையை அழிக்காத இரக்கம், விபத்துக்குப் பின் சிந்தும் கண்ணீராகவே நின்றுவிடும்.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் மடங்களிலும் விடுதிகளிலும் கழிவுத் தொட்டிகள் உண்டு. அவற்றைத் துப்புரவு செய்ய யாரை அழைக்கிறோம்? இயந்திரத்தையா, மனிதரையா? நம் இல்லத்துத் தொட்டி திறக்கப்படும்போது அருகில் நிற்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி அது. பங்குப் பேரவைகளும் இளையோர் இயக்கங்களும் தீயணைப்புத் துறையினரை அழைத்து, குழியில் விழுந்தவரைக் காணும்போது செய்ய வேண்டியதையும் செய்யலாகாததையும் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிறு மாலை போதும். ஊர்ப்புறத்தில் மூடாத ஆழ்துளைக் கிணறுகளைக் கணக்கெடுத்து மூடச் செய்வதும் தவக்காலத்துக்கு உகந்த அறச்செயலே.

எபேது மெலேக்கு துணி தேடிச் சென்ற அந்தச் சில நிமிடங்கள் காலத் தாழ்வு ஆகா. கிணற்றில் கிடந்தவரின் அக்குளில் ஏற்படப்போகும் வலியைத் தன் வலியாக எண்ணிய நிமிடங்கள் அவை. அவ்வாறு முன்னெண்ணிச் செய்யும் அன்பையே ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார்.