திறக்காத சார்டின் டின்

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வீட்டு வாசலில் நடக்கும் கூத்து வருடாவருடம் ஒன்றுதான். டயருக்குக் காற்று, எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் பார்த்து, டோல் அட்டையில் பணம் போட்டு, துணிப்பைகளைக் காரின் பின்பக்கத்தில் அடுக்கி முடிப்போம். அப்புறம்தான் பாட்டி வருவார். வாழை இலையில் கட்டிய புளிச்சோறு, அவித்த முட்டை, இரண்டு போத்தல் தண்ணீர், கடைசியாக ஒரு சார்டின் டின். சுங்கைப்பட்டாணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். அந்த டின்னை வழியில் யாரும் திறந்ததில்லை. எங்களோடு போகும், எங்களோடு வரும்.

"பாட்டி, வழியெல்லாம் ஆர் அண்ட் ஆர் இருக்கு. தாப்பாவுல எல்லாமே கிடைக்கும்."

"கிடைக்கும்டா. காடியில இருந்தா யாரையும் கேக்க வேணாம்ல."

நெடுஞ்சாலை இல்லாத காலத்துப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல். அதற்கு முன்பு தஞ்சோங் மாலிம், ஸ்லிம் ரிவர், பீடோர், கம்பார் என ஒவ்வொரு பட்டணமாகத் தொட்டு, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வடக்கே போக வேண்டும். கட்டுச்சோறு இல்லாமல் முடியாது. ஆனால் அது புளிச்சோற்றுக்கான விளக்கம். சார்டின் டின்னுக்கான விளக்கம் இன்னும் பின்னால் இருக்கிறது.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இருந்த மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாக்களுக்குக் காட்டோர மக்களிடமிருந்தே அரிசியும் மருந்தும் போயின. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் அந்த வழியை அடைக்கப் பார்த்தது. சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நாங்கள் இன்று கார் நிறுத்தும் இந்த ஸ்ரீ கெம்பாங்கானும் அப்படி உருவானதுதான். அன்று அதன் பெயர் செர்டாங் பாரு. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு வேலிக்குள் வந்தன. அங்கே இருந்தவர்களில் நம் ஆட்கள் ஏராளம்.

ஆளை அடைத்த பிறகு சோற்றை அடைத்தார்கள். அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புபவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். சைக்கிள் குழாய், வாளியின் அடிப்பக்கம் எதுவும் தப்பவில்லை. உணவுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் சாப்பாட்டோடு சாலையில் பிடிபட்டால் குற்றம். டின் உணவு வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின்னைச் சேர்த்து வைக்க முடியாது, காட்டுக்கும் அனுப்ப முடியாது.

வடக்கே போகும்போது நாம் சும்மா கடந்துபோகும் தஞ்சோங் மாலிமில் 1952 மார்ச்சில் ஒரு பதுங்கித் தாக்குதல். 12 பேர் இறந்தார்கள். ஹைகமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர் முழுவதற்கும் தண்டனை கொடுத்தார்: ஒரு நாளில் 22 மணிநேர ஊரடங்கு, அரிசிப் பங்கில் பெரும் வெட்டு. யார் சுட்டது என்று தெரியாத குழந்தைக்கும் தட்டில் சோறு குறைந்தது. அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்தது. 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. அடங்கி இருந்ததற்குப் பரிசாகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31இல்.

பாட்டி அப்போது தோட்டத்தில் சிறுமி. ஒருநாள் நேராகவே கேட்டேன். "அம்மா வெறும் வயித்தோடதான் மரம் வெட்டப் போவாங்க. பசியாற எடுத்துட்டுப் போக விடமாட்டான். கடையில டின்னு வாங்குனா டக்குனு குத்திருவான். அன்னிக்கே தின்னு தீக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

அவசரகாலம் என்றால் நாம் படிப்பது பெரும்பாலும் துப்பாக்கியின் கதையை. யார் யாரைச் சுட்டார்கள், எந்தத் தலைவர் எப்போது காட்டுக்குள் போனார் என்று. அடுப்படியில் நடந்த போரை எழுதியவர்கள் குறைவு. அதை அனுபவித்தவர்களுக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டுகிறது. இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், காரில் எதற்கு இவ்வளவு சாப்பாடு என்று அலுத்துக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் இரண்டே வரியில் வரலாம். அதையாவது எழுதி வைப்போம்.

இந்த வருடம் டின்னை நானே எடுத்து வைத்தேன். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை.